தபாலில் வந்த பி.ஏ.

என் வயதுக்காரர்கள் பலருடைய பெயருக்குப் பின்னால் நிற்கும் பி.ஏ. தபாலில் வந்ததுதான். என்னுடையதும் அப்படித்தான். ஒரு காலத்தில் அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "கரஸ்ல படிச்சதா?" என்று கேட்பவரின் குரலே கொஞ்சம் இறங்கிவிடும். இப்போது எழுபத்தேழு வயதில் அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது. அஞ்சல்வழிக் கல்வி எப்படி வந்தது, வேலைக்குப் போய்க் குடும்பமும் ஆன பிறகு மறுபடியும் பரீட்சை எழுதப் போனவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முதல் பாதி புத்தகங்களிலேயே கிடைக்கும். இரண்டாவது பாதி நம்மைப் போன்றவர்கள் சொன்னால்தான் உண்டு.

நம்மில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படிக்காதவர்கள் குறைவு. அந்த ஷார்ட்ஹேண்டை உருவாக்கிய ஐசக் பிட்மன்தான் தபால் படிப்புக்கும் முன்னோடி. 1840ல் இங்கிலாந்தில், ஒரு பென்னி கட்டணத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தது. பிட்மன் அதைப் பிடித்துக்கொண்டார். பாடத்தைத் தபாலில் அனுப்புவார். மாணவர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். அடுத்து, 1858ல் லண்டன் பல்கலைக்கழகம் கல்லூரிக்கு வராதவர்களும் தன் பரீட்சையை எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இலங்கையில் 1942ல் பல்கலைக்கழகம் வரும்வரை கொழும்புக் கல்லூரியில் படித்தவர்கள் எழுதியது இந்த லண்டன் பரீட்சையைத்தான்.

நம் நாட்டில் இதற்குச் சுதந்திரம் வரவேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளிகள் பெருகின, படித்து வெளியே வருபவர்கள் பெருகினார்கள், கல்லூரிகளில் இடம் போதவில்லை. 1961ல் டி.எஸ். கோத்தாரி தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. 1962ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. நம் பக்கத்தில் முதலில் துணிந்தது மதுரை. 1966ல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பித்துவிட்டது. காமராசர் பெயர் அதற்கு வந்தது 1978ல். 1979ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1981ல் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன.

இந்த ஆண்டுகளையெல்லாம் யாரும் தேடி எடுத்துவிடலாம். எங்கள் வயிற்றில் கரைந்த புளிதான் எந்த அறிக்கையிலும் இல்லை.

நான் 1965ல் எஸ்.எஸ்.எல்.சி., 1966ல் பி.யு.சி. முடித்தேன். பள்ளியில் பதினோரு வருடம், கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி., பிறகு மூன்று வருடம் பட்டப்படிப்பு என்பது அன்றைய கணக்கு. அந்த மூன்று வருடத்துக்குள் நுழையுமுன் அப்பா காலமாகிவிட்டார். 1967ல் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள். 1978ல் பிளஸ் டூ வந்தபோது பி.யு.சி. என்ற சொல்லே வழக்கொழியத் தொடங்கியது. நான் படித்த படிப்பே ஊரைவிட்டுப் போய்விட்டது போல இருந்தது.

அலுவலகத்தில் பட்டதாரிப் பையன்கள் நேரடியாக மேல் பதவிக்கு வந்து சேர்ந்தார்கள். கோப்பு எப்படி எழுதுவது என்று நான் சொல்லிக்கொடுப்பேன். எழுதக் கற்றுக்கொண்டதும் அவர்கள் என் கோப்பில் திருத்தம் போடுவார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. ஆனால் அந்த வருத்தம்தான் 1979ல், முப்பத்தொரு வயதில், என்னை பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் போட வைத்தது.

நாங்கள் அப்போது கோவில்பட்டியில் குடியிருந்தோம். 1978 அக்டோபர் 2ஆம் தேதி மத்திய அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஊரெங்கும் அதே பேச்சு. எனக்குப் பாடப் பார்சல் வருவது தெரிந்ததும் அலுவலகத்தில், "என்ன அண்ணாச்சி, முதியோர் கல்வியில சேந்துட்டியளாமே?" என்று ஆரம்பித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் பார்சலை வீட்டுக்கு வரவழைத்து பீரோவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

காலை நாலரை மணிக்கு எழுந்து படிப்பேன். ஒரு பக்கம் படித்து முடித்து யோசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. பதிமூன்று வருட இடைவெளி. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சாப்பாடு இறங்கவில்லை, வயிற்றைப் பிசைந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "வியாதி ஒண்ணும் இல்லை. பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்றைக்கு அதற்கு மன அழுத்தம் என்று பெயர் சொல்கிறார்கள். அன்று எங்களுக்குப் பயம் என்ற ஒரு சொல்தான் தெரியும். அதையும் வெளியே சொல்ல வெட்கம்.

பரீட்சை ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. சின்னப் பையன்கள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் மேலே இடித்தது. தினமும் அலுவலகத்தில் எழுதுகிற கைதான், ஆனால் மூன்று மணி நேரம் விடாமல் எழுதி எத்தனையோ வருடமாயிற்று. இரண்டாவது மணியிலேயே விரல் மரத்துவிட்டது. ஒரு தாளில் ஐந்து கேள்விக்கு மூன்றைத்தான் எழுதினேன். அந்தத் தாளில் 28 மார்க். மார்க் ஷீட் தபாலில் வந்த அன்று, இத்தோடு போதும் என்று பார்சல்களைக் கயிற்றால் கட்டினேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கட்டுறது கட்டுங்க. பழைய பேப்பர்காரன் வந்தா நான் போடமாட்டேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் திருநெல்வேலியில் காண்டாக்ட் கிளாஸ் என்று அறிவிப்பு வந்தது. சந்தேகம் தீர்ப்பதற்காகப் பல்கலைக்கழகங்கள் வைத்த ஏற்பாடு அது. பணம் கட்டியாயிற்றே என்று கட்டபொம்மன் பஸ் ஏறிப் போனேன். உள்ளே நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஹால் நிறைய என்னைப் போன்றவர்கள். காக்கிச் சட்டையோடு ஒரு கண்டக்டர், ராத்திரி டியூட்டி முடித்து நேரே வந்த ஒரு நர்ஸ், பின்வரிசையில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குறிப்பெடுத்த ஒரு பெண், அப்புறம் வரிசை வரிசையாக ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். அன்று நடந்த பாடம் எனக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது வயிற்று வலி இல்லை என்பது நினைவிருக்கிறது.

அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாற்பத்தாறு வயது ஆசிரியர். எந்த ஊர் என்று கேட்டால் கோவில்பட்டி. என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும் பள்ளியிலேயே வேலை. ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பார்சலை ஒளித்து வைத்துத் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அவருடைய பள்ளி வராந்தாவில் உட்கார ஆரம்பித்தோம். பிறகு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. அலாரம் கடிகாரத்தை ஜன்னலில் வைத்து, ஒரு கேள்விக்கு முப்பத்தைந்து நிமிடம் என்று எழுதுவோம். மணி அடித்ததும் பேனாவை மூடிவிட வேண்டும். தாளை மாற்றித் திருத்துவோம். படித்ததை ஒருவர் மற்றவருக்குக் கதை போலச் சொல்ல வேண்டும், சொல்ல வராத இடம்தான் படிக்காத இடம். பரீட்சைக்கு முந்தின நாள் மாலை அந்த ஹாலுக்கே போய், பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவோம். கடைசி யோசனை ஆசிரியருடையது. "இடம் பழகிட்டா பாதிப் பயம் போயிரும் தம்பி" என்பார். எனக்குப் போயிற்று. விட்டுப்போன தாளையும் சேர்த்து எழுதித் தேறினேன்.

அவருக்குப் போகவில்லை. வரலாறும் தமிழும் தண்ணீர் பட்டபாடு. பார்ட் டூ இங்கிலீஷ்தான் உதைத்தது. இரண்டாம் முறை அதை எழுதப் போன அன்று ஹால் சூப்பர்வைசராக வந்து நின்றது அவரிடம் படித்த பையன். அவன் மரியாதையாக, "ஸார், தண்ணி வேணுமா?" என்று கேட்டானாம். அதோடு எல்லாம் மறந்துவிட்டது. சாயங்காலம் டீக்கடையில் அவர் சொன்னது இது:

"கேள்வித்தாள்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது தம்பி. தெரிஞ்ச பதிலே வரலை. போன வாரம் வாய்ப்பாடு சொல்லத் தெரியாம நின்ன ஒரு பையனை வெளுத்துட்டேன். திமிருல நிக்கான்னு நெனச்சேன். அவனுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல? சில வாரம் கழித்து என் மகன் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான்: "எங்க ஸார் இப்பல்லாம் அடிக்கதில்லப்பா. தெரியலைன்னா உக்காந்துட்டு அப்புறம் சொல்லுங்கார்." இருபது வருடத்துக்கும் மேலாகப் பிரம்போடு நின்ற மனிதர் அவர். எந்தப் பயிற்சி வகுப்பும் மாற்றாததை அந்தப் பெஞ்சு மாற்றியிருந்தது.

1982ல் நான் பட்டம் வாங்கினேன். பதவி உயர்வும் வந்தது, தென்காசிக்கு மாற்றல். மற்ற இருவரும் முடித்துவிட்டார்கள். ஆசிரியருக்கு அந்த ஒரு இங்கிலீஷ் தாள் மட்டும் பாக்கி. "ஞாயித்துக்கிழமை வாரேன் அண்ணாச்சி, விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டு கார்டு எழுதினேன். அதற்குப் பிறகு புது ஊர், புது நாற்காலி, அதன் வேலை. இரண்டு வருடம் கழித்து கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோது, பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தனியா உக்காந்தா ஓடலை தம்பி. விட்டுட்டேன்" என்றார். குரலில் குறையே இல்லை. என் மகன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரித்தார். அந்த ஒரு தாளை முடிக்காமலேயே ஓய்வு பெற்றார்.

அப்புறம் வந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அவர்தான் நினைவுக்கு வருவார். 1982ல் ஆந்திராவில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1985ல் இந்திரா காந்தி பெயரில் தேசிய அளவில் ஒன்று, 2002ல் தமிழ்நாட்டில் ஒன்று. பாடத்தை அச்சிட்டு அனுப்புவதோடு இவை நிற்கவில்லை. ஊர் ஊராகப் படிப்பு மையங்களை வைத்தன, வாரக் கடைசியில் வகுப்பு நடத்தின. நிர்வாகத்துக்கு அதில் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். பாடம் தபாலில் வரும், துணை தபாலில் வராது. வயது வந்த பிறகு படிக்கத் திரும்புகிறவனுக்குப் பாடத்தைவிடத் துணைதான் முதலில் வேண்டும்.

எனக்கு அந்தத் துணை கிடைத்தது. அவருக்கு நான் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தென்காசியிலிருந்து கோவில்பட்டிக்கு அன்றும் பஸ் இருந்தது.

இப்போது நம் வீடுகளில் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு பி.எட். படிக்கிற மருமகள்கள் இருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு மேல்படிப்புக்குப் போகிற பேரன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்க வேண்டாம். "எவ்வளவு மார்க்?" என்றும் கேட்க வேண்டாம். ஓய்வு பெற்ற நமக்குத்தான் நேரம் இருக்கிறதே. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "எழுது, நான் மணி சொல்றேன்" என்று பக்கத்தில் உட்காரலாம்.

உங்களிலும் பலர் பார்சலை ஒளித்து வைத்துப் படித்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் வராந்தா எது, உடன் உட்கார்ந்தவர் யார் என்று எழுதுங்கள். அவர் இன்னும் இருந்தால், எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்.