மயக்க மருந்தும் மயக்குமருந்நும்: சட்டம் திறந்துவைத்த, எவரும் நுழையாத வாசல்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் உள்ளது கல்லாறு. அங்குள்ள காணிப் பழங்குடியைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நஞ்சு முறிப்பு மருத்துவத்தில் தேர்ந்த அவர், சுமார் 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே தயாரிப்பவராக அறியப்படுகிறார். இத்தகைய மரபில் மருந்தையும் மருத்துவரையும் பிரித்துப் பார்க்க இயலாது. எதை, எவருக்கு, எந்த அளவில், எப்போது தருவது என்பதை அறிந்த கைதான் தழையை மருந்தாக்குகிறது. நவீன அரசு பொருள்களைத் தனியே பட்டியலிடுகிறது. அவற்றைக் கையாள வேண்டிய கைகளைப் பற்றி மிகத் தாமதமாகவே சிந்திக்கிறது. மனநோய்ச் சிகிச்சையில் சைக்கடெலிக் பொருள்களைக் கண்காணிப்புடன் பயன்படுத்தலாமா என்ற இன்றைய விவாதத்தை இந்தியாவில் இந்தக் கோணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழில் 'மயக்க மருந்து' என்பது அறுவைச் சிகிச்சைக்கு முன் தரப்படுவது. ஏறக்குறைய அதே சொற்களால் அமைந்த மலையாளத்தின் 'மயக்குமருந்நு' சட்டம் தடுக்கும் போதைப்பொருளைக் குறிக்கிறது. ஒரே பொருள் மருத்துவமனையில் ஒரு பெயரும் காவல் நிலையத்தில் வேறொரு பெயரும் பெறுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் இரண்டில் ஒன்றை மட்டும் பேசவில்லை. உளவியக்கப் பொருள்கள் குறித்த 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, முதல் பட்டியலில் உள்ளவற்றுக்கும் அறிவியல் தேவைக்கும் மிகக் குறுகிய மருத்துவத் தேவைக்கும் இடமளித்தது. இந்தியா 1975இல் அதில் இணைந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள், உளவியக்கப் பொருள் சட்டத்தின் 8ஆம் பிரிவும் தடையை விதிக்கும்போதே மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்களிக்கிறது. வாசல் தொடக்கத்திலிருந்தே ஏட்டில் திறந்திருந்தது.

அந்த வாசல் நடைமுறையில் என்ன ஆனது என்பதற்கு மார்ஃபினின் வரலாறு சான்று. மார்ஃபின் சைக்கடெலிக் அன்று. அதன் மருத்துவப் பயன் குறித்து ஐயமும் இல்லை. இருந்தும் 1985க்கும் 1997க்கும் இடையே இந்தியாவில் அதன் மருத்துவப் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்தது. எவரும் அதை மருத்துவர்களுக்குத் தடைசெய்யவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட விதிகள், பல துறைகளிடம் பெற வேண்டிய உரிமங்கள், குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை என்ற அச்சம் ஆகியவை சேர்ந்து மருந்தகங்களின் அலமாரிகளைக் காலியாக்கின. ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்ஃபினைக் கையாளக் கற்காமலே பட்டம் பெற்றனர். புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தனர்.

மாற்றம் கேரளத்தில் தொடங்கியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் உருவானது. அங்கு வீட்டிலேயே உட்கொள்ள மார்ஃபின் பெற்ற 1,723 நோயாளிகளை ஈராண்டுகள் கவனித்த ஆய்வு 2001இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருந்து தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ வெளியே கடத்தப்பட்டதாகவோ ஒரு நிகழ்வும் அதில் கண்டறியப்படவில்லை. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் முன்னின்று தொடங்கிய பாலியம் இந்தியா 2003 முதல் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. 2008இல் கேரளம் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென அரசுக் கொள்கையை வகுத்தது. 2014இல் நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையா மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதிமுறை அமைய வழிசெய்தது. சட்டம் தானே அளித்த விலக்கைப் பயன்படுத்த ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிடித்தன.

சைக்கடெலிக் பொருள்களின் வரலாறு வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் மெக்சிகோவின் மசடெக் மக்கள் சடங்கில் பயன்படுத்திய காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். அதன்பின் சில ஆண்டுகள் உளநல மருத்துவர்கள் அதை ஆராய்ந்தனர். 1970களின் தடைகளோடு அந்த ஆய்வு பெரும்பாலும் நின்றது. 2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா, பிற சிகிச்சைகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபினையும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோய்க்கு எம்டிஎம்ஏவையும் பரிந்துரைக்க, ஒப்புதல் பெற்ற உளநல மருத்துவர்களுக்கு மட்டும் அனுமதி அளித்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எம்டிஎம்ஏ சிகிச்சைக்கான விண்ணப்பத்தைக் கூடுதல் ஆய்வு வேண்டும் எனக் கூறி ஏற்க மறுத்தது. மார்ஃபினுக்கு இருந்த உறுதியான சான்று இவற்றுக்கு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இப்பொருள்கள் பேசப்படும் இடம் பெரும்பாலும் நீதிமன்றமே. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு பிணை வழக்கில், 'மேஜிக் மஷ்ரூம்' இயற்கையாக விளையும் பூஞ்சை, அதைக் கலவையாகக் கருத இயலாது என்றது. சைலோசைபின் பட்டியலிலேயே நீடிக்கிறது. கைப்பற்றப்பட்ட காளானின் முழு எடையையும் கணக்கிடலாமா என்பதே அங்கு எழுந்த வினா. நோயாளி அந்த உரையாடலில் இல்லை.

எனவே தடையை நீக்குவதா, காப்பதா என்ற வாதம் பாதி வினாவே. நாளை சான்று வலுப்பட்டு அனுமதி கிடைத்தாலும், பல மணி நேரம் உடனிருக்கப் பயின்ற மருத்துவர்கள், தெளிவான உரிம முறை, நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் அமைப்பு ஆகியவை இல்லையெனில் 1985க்குப் பின் நடந்ததே மீண்டும் நடக்கும். அந்தக் கைகளை உருவாக்கும் பணியைச் சட்டத் திருத்தம் வரும்வரை ஒத்திவைக்கத் தேவையில்லை. கோழிக்கோட்டில் அப்பணி 2014க்கு 21 ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது.