‘வேணும்’ என்ற சொல்லும் ‘விசுவசிக்கிறேன்’ என்ற சொல்லும்



மலாக்காவின் புனித பவுல் குன்றில், 1521இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயம் இன்று கூரையின்றி நிற்கிறது. அதன் முன்னே வெண்ணிறச் சிலையாக நிற்பவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1545இல் அவர் மலாக்காவுக்கு முதன்முறையாக வந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் மறைந்தபின், 1553இல் சில மாதங்கள் அவரது உடல் இவ்வாலயத்தில்தான் புதைக்கப்பட்டிருந்தது. இச்செய்திகளைப் பலரும் அறிவர். எனினும், அவர் இங்கு வருமுன் தமிழ்மண்ணில் செய்த ஒரு சொல்திருத்தமே தமிழ் கற்பிக்கும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1530களில் தூத்துக்குடி முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் நெருக்குண்டு போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். பாதுகாப்பு வந்தது, அதனோடு திருமுழுக்கும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் 1535 முதல் 1537 வரை கிறிஸ்தவர்களாயினர். ஆனால் மறையைக் கற்பிக்க ஆளில்லை. அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது காவல்.

1542இல் சவேரியார் அங்குச் சென்றார். இருமொழி அறிந்தோர் துணையுடன் விசுவாச அறிக்கையையும் செபங்களையும் தமிழாக்கி மனனம் செய்தார். கைமணி அடித்துத் தெருத்தெருவாகச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அச்சிறுவர்கள் வழியே செபம் வீடுகளுக்குள் நுழைந்தது.

முதலில் செய்த மொழிபெயர்ப்பில், ‘நான் விசுவசிக்கிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. 1544இல் சவேரியார் தம் உடன் ஊழியர் மான்சிலாசுக்கு மடல் எழுதி, ‘வேணும்’ என்பதை நீக்கி ‘விசுவசிக்கிறேன்’ எனச் சொல்லும்படி அறிவுறுத்தினார். முன்னது விருப்பத்தைக் குறிப்பது, பின்னதே நம்பிக்கையைக் குறிப்பது என்று காரணமும் காட்டினார்.

கிறிஸ்தவ வாழ்வில் விசுவாசம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ? ‘வேணும்’ என்பவன் பெறுவதை எண்ணி நிற்கிறான், பெற்றதும் விலகிவிடலாம். ‘விசுவசிக்கிறேன்’ என்பவனோ தன்னையே ஒப்படைக்கிறான். அவ்வொப்படைப்பை அன்றாடம் செபத்தாலும் செயலாலும் காத்து வருவதே பக்தி.

மலாக்காவிலும் சவேரியார் அவ்வழியே சென்றார். செபங்களை மலாய்மொழியில் ஆக்கிக் கற்பித்தார்.

பின்னர்ச் சோதனை வந்தது. டச்சுக்காரர் 1641இல் மலாக்காவையும் 1658இல் தூத்துக்குடியையும் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டது. மலாக்காவில் கத்தோலிக்கர் மறைவாக வழிபட்டனர். 1710இல்தான் புனித பேதுரு ஆலயம் எழுந்தது. தூத்துக்குடியில் பரதவர்களைத் தம் சபைக்கு இழுக்க டச்சுப் போதகர்கள் முயன்றனர். பரதவர்கள் அசையவில்லை. எந்தப் பாதுகாப்பை வேண்டி அவர்தம் முன்னோர் மறைமாறினரோ, அந்தப் போர்த்துக்கீசியர் அப்போது அங்கில்லை. விசுவாசத்தை விட்டுவிடுவதே ஆதாயமாக இருந்த காலம் அது. இருந்தும் விட்டாரில்லை. ‘வேணும்’ என்று தொடங்கியது நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்றாகிவிட்டது!

இத்திருத்தம் கிறிஸ்தவர்க்கு மட்டுமே உரியதன்று என்பது என் கருத்து. தேர்வு நெருங்கினால் எச்சமயத்து மாணவரும் கைகூப்பி மதிப்பெண் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை, பரதவர்களும் அங்கிருந்தே தொடங்கினர். ஆயினும், கேட்டது கிடைக்காத நாளிலும் கூப்பிய கை கூப்பியபடி இருக்குமாயின், அதுவே பக்தி.