தச்சர் கண்ட கனவும் வாவிக்கரைப் பயணமும்



தமிழ்க் காப்பியத் தலைவர்கள் என்றதும் அரசரும் வணிகருமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருவர். உளி பிடித்து உழைத்த தச்சர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட காப்பியமும் தமிழில் உண்டு. வீரமாமுனிவர் 1726 ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியே அது. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இந்நூலின் தலைவர் வளன், அதாவது யேசுவை வளர்த்த புனித சூசையப்பர்.

சூசையப்பரைப் பற்றி மத்தேயு நற்செய்தி கூறுவது சொற்பமே. அவர் பேசியதாக ஒரு சொல்தானும் அங்கில்லை. நான்கு முறை கனவிலே அவருக்கு வழி காட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அவர் விழித்தெழுந்து, சொன்னதைச் செய்கிறார். கனவு கண்டதிலும் பார்க்க, எழுந்து நடந்ததே அவரது பெருமை எனலாம்.

எல்லோருக்கும் இத்தகைய கனவு வாய்ப்பதில்லை. அன்றாட வாழ்வில் உழலும் மனிதன் இறைவனின் வழிகாட்டலை எவ்வாறு இனங்காண்பது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முக்கியமானவர் இஞ்ஞாசியார். வீரமாமுனிவர் சார்ந்திருந்த யேசுசபையை நிறுவியவர்களுள் தலையாயவர் அவரே.

அவர் ஸ்பானிய நாட்டுப் போர்வீரர். 1521 இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். வாசிப்பதற்கு வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. புகழையும் வீரத்தையும் எண்ணிக் கற்பனை செய்தபோதும் மனம் இனித்தது. புனிதர்களைப் போல வாழ எண்ணியபோதும் இனித்தது. ஆனால் முன்னையது பின்னர் வறட்சியைத் தந்தது, பின்னையதன் இனிமை நிலைத்து நின்றது. எந்த எண்ணம் எதனை விட்டுச் செல்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். 1548 இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற அவரது ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலுக்கு இந்த அனுபவமே வித்து.

அதில் அவர் விதித்த எளிய வழி ஆத்தும சோதனை. நாளைத் திரும்பிப் பார்த்து, பெற்றவற்றுக்கு நன்றி கூறி, எங்கே அன்பு பெருகியது, எங்கே குன்றியது என்று ஆராய்ந்து, அடுத்து வருவதற்கு அருள் வேண்டுவது. மனம் சோர்ந்திருக்கும் வேளையில், முன்னர் தெளிந்து எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் வகுத்த விதி. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அது பிறரை ஆராய்ந்து தெளிவது. இஞ்ஞாசியார் கற்பித்தது தம் எண்ணங்களையே ஆராய்ந்து தெளிவது.

இந்த மரபு நமது வாவிக்கரைக்கும் வந்தது. 1893 இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்தில் மட்டக்களப்பும் அடங்கியிருந்தது. பிரெஞ்சு யேசுசபைத் துறவிகள் இங்கு வந்து பணியாற்றினர். அவர்களது புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள். அவர் தெளிந்து கண்ட வழி இராமகிருஷ்ண சங்கத் துறவு. 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது அவ்வழியின் பயன் அன்றோ!

பிரெஞ்சுத் துறவிகளின் பின் அமெரிக்க யேசுசபையினர் வந்தனர். அவர்களுள் ஒருவர் அருட்தந்தை யூஜின் ஹேபேட். 1948 இல் இலங்கை வந்தவர், மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். இளைஞருக்குத் தொழிற்கல்வி அளித்தார். 1990 இல் யுத்தம் கிழக்கைச் சுட்டெரித்தபோதும் அவர் நீங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து தமது ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். அவரும் உடன்வந்த தமிழ் இளைஞரும் வந்து சேரவில்லை. காணாமற் போனோர் வரிசையில் அவர்களும் சேர்ந்தனர்.

இறைவன் வழிகாட்டுவது உண்மையாயின் இது ஏன் நிகழ்ந்தது? பிள்ளைகளைத் தேடி அலைந்த நம் தாய்மார் கேட்ட கேள்வியும் இதுவே. இலகுவான விடை கூறுவது அவர்களின் கண்ணீரை அவமதிப்பதாகும். ஒன்றை மட்டும் கூறலாம். சூசையப்பருக்குக் கிடைத்த வழிகாட்டல் அவரை அரண்மனைக்கு இட்டுச் செல்லவில்லை. இரவோடிரவாக, அகதியாக, எகிப்துக்கே அனுப்பியது. அம்மரபில் வழிகாட்டல் என்பது பத்திரமாகப் போய்ச் சேர்வதற்கான உத்தரவாதம் அன்று. இன்று யாருக்கு நான் தேவைப்படுகிறேன் என்பதைக் காட்டும் வெளிச்சமே அது.

சைவர்களாகிய நாம் இதனைத் திருவருள் என்போம். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என ஒரு நூலே செய்தார். சொற்கள் வேறு, நெறிகளும் வேறு. ஆயினும் உறங்குமுன் சில நிமிடம் நாளைத் திரும்பிப் பார்ப்பதும், விடிந்ததும் எழுந்து செய்ய வேண்டியதைச் செய்வதும் எல்லோர்க்கும் இயலும்.