கேட்கப்படாத சாட்சிகள்

யவனர் என்றவுடன் மிளகுக்குப் பொன் தந்து மீண்ட வணிகரே தமிழராகிய நம் நினைவில் முன் நிற்பர். அவ்வணிகம் தழைப்பதற்கு முன்னரே உரோம நகரில் நிகழ்ந்த கொலை வழக்கு ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். பண்டை உரோமரைக் கதைமாந்தராகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதப்பெறும் துப்பறியும் புதினங்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் பொருந்தாது என்பதற்கு அவ்வழக்கே தக்க சான்றாகும்.

உம்பிரியா நாட்டு அமேரியா என்னும் ஊரினரான செக்ஸ்டஸ் ரோசியஸ் பெருஞ்செல்வர். கி.மு. 81ஆம் ஆண்டில் ஓரிரவு, உரோமில் விருந்துண்டு திரும்புகையில் அவர் கொலையுண்டார். கிளௌசியா என்பவன் அவ்விரவே வண்டி மாற்றி வண்டி ஏறி, 56 மைல் தொலைவைப் பத்து மணி நேரத்தில் கடந்து அமேரியாவை அடைந்தான். அவன் செய்தி சொன்னது இறந்தவரின் மகனிடத்தில் அன்று, அவர்தம் பகைவனிடத்தில்!

அது சுல்லா சர்வாதிகாரியாக ஆண்ட காலம். அவன் வெளியிட்ட பகைவர் பட்டியலில் பெயர் இடம்பெற்றோரைக் கொல்வது குற்றமன்று. அவர்தம் உடைமை ஏலத்திற்கு வரும். ஜூன் முதல் நாளோடு அப்பட்டியல் முடிவுற்றது. கொலை நிகழ்ந்ததோ அதற்குச் சில திங்கள் பின்னர். எனினும் ரோசியஸின் பெயர் அதில் புகுத்தப்பட்டது. 60 இலட்சம் செஸ்டர்ஸ் பெறுமான உடைமை, சுல்லாவிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கிரைசோகோனஸின் கைக்கு 2,000 செஸ்டர்ஸுக்குப் போயிற்று. பின்னர், தந்தையைக் கொன்றான் என மகன் மீதே குற்றம் சாட்டப்பட்டது. அக்குற்றத்திற்குரிய தண்டனை, சாக்கினுள் வைத்துத் தைத்து நீரில் எறிதல்.

சுல்லாவுக்கு அஞ்சிப் பெரியோர் பலரும் ஒதுங்கிய அவ்வழக்கைக் கி.மு. 80இல், 26 வயதினரான சிசரோ ஏற்றார். இக்கொலையால் பயனடைந்தவர் யாவர் என்னும் வினாவையே அவர் படைக்கலமாகக் கொண்டார். மகன் விடுதலை பெற்றான்.

மேற்கூறியவற்றுள் பெரும்பகுதி சிசரோவின் உரையால் மட்டுமே நாம் அறிவது. எதிர்த்து வழக்காடிய எருசியஸின் உரை நமக்குக் கிட்டவில்லை. அவ்விரவில் ரோசியஸுடன் அடிமைகள் இருவர் இருந்தனர். அவர்களை விசாரிக்க வேண்டுமென மகன் கோரினான். அவர்களைத் தம் வயப்படுத்திக்கொண்டோர் மறுத்தனர். வதைத்துப் பெற்றாலன்றி அடிமையின் சொல் சாட்சியமாகாது என்பது உரோமர் சட்டம். அக்கொடிய வழியிலும் அவ்விருவர் சொல் மன்றம் ஏறவில்லை. அவர்தம் பெயரும் அவ்வுரையில் இல்லை.

இவ்விடைவெளியில்தான் புதின ஆசிரியர் புகுகின்றார். ஸ்டீவன் செய்லர் 1991இல் வெளியிட்ட 'ரோமன் பிளட்' இவ்வழக்கையே கதையாகக் கொண்டது. சிசரோவின் பொருட்டுத் துப்பறியும் கோர்டியானஸ், கொலை நிகழ்ந்த தெருவிற்குச் சென்று ஆங்கு வாழும் எளியோரை வினவுகின்றான். கண்டதைச் சொல்ல வாயற்ற ஊமைச் சிறுவன் ஒருவனும் அங்குச் சாட்சி! அவ்விரு அடிமைகளின் நிலையை இதனினும் நன்கு உணர்த்துதல் அரிது என்பது நம் கருத்து. லிண்ட்சி டேவிஸ் 1989இல் வெளியிட்ட 'தி சில்வர் பிக்ஸ்' வெஸ்பாசியன் காலத்துக் கதை. அதில் துப்பறிவோனாகிய பால்கோ, பிரித்தானியச் சுரங்கத்தினுள் தானே அடிமையாகப் புகுந்து உழல்கின்றான். அரண்மனையிலிருந்து காண இயலாத உரோமை அவன் ஆங்குக் காண்கின்றான்.

புதினம் கூறும் தீர்ப்பை வரலாறு எனக் கொள்ளுதல் பிழை. மகன் கொன்றானா என்பதையே அம்மன்றம் ஆராய்ந்தது. கொன்றவர் யாவர் என்பதை அன்று. கற்பனையால் அதற்கு விடை கூறலாம். சான்று படைத்தல் ஆகாது. எனினும், யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதை அது நமக்குக் காட்டுகின்றது. அதனை உணர்ந்தபின் சிசரோவின் உரையை மீண்டும் கற்போர், அதன் சொல்வன்மையில் திளைப்பதோடு அமையார். அவ்விரு அடிமைகளைப் பற்றிய வரிகளில் சற்று நின்று செல்வர். இப்புதினங்களால் நாம் பெறும் பயன் அதுவே.