சீடர் ஆற்றின் மூடிய கதவு

அமெரிக்காவின் வடமேற்கே காஸ்கேடு மலைத்தொடரில் பிறந்து வாஷிங்டன் ஏரியில் கலப்பது சீடர் ஆறு. சியாட்டில் நகரின் வரலாறு இவ்வாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும். 1889 சூன் 6 அன்று மூண்ட பெருந்தீ நகரின் வணிகப் பகுதியைச் சாம்பலாக்கிற்று. தனியாரின் குழாய்களில் தீயணைக்கப் போதிய நீர் வரவில்லை. நீர் வழங்கலை நகரமே ஏற்கவேண்டும் என அடுத்த மாதமே மக்கள் வாக்களித்தனர். 1901இல் லாண்ட்ஸ்பர்க் அணை வழியாகச் சீடரின் நீர் நகரை வந்தடைந்தது.

நீரின் தூய்மை கருதி நகரம் மலைநிலத்தைச் சிறிது சிறிதாகத் தனதாக்கிக் கொண்டது. இன்று ஏறத்தாழ 90,000 ஏக்கர் காடு பொதுமக்கள் நுழைய இயலாத காவற்பகுதியாக உள்ளது. ஆயினும் மனிதருக்கு மூடிய கதவு கோடரிக்கு நெடுங்காலம் திறந்தே இருந்தது. பழங்காட்டின் பெரும்பகுதி வெட்டுண்டது. மரம் ஏற்றிச் செல்ல 600 மைலுக்கும் மேலாக மண்சாலைகள் எழுந்தன. மழையில் கரைந்த சாலைமண் ஓடைகளில் இறங்கி, மீன்கள் முட்டையிடும் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்தது. கடலிலிருந்து திரும்பும் சால்மன் மீன்களுக்கோ அணையே எல்லையாயிற்று.

2000ஆம் ஆண்டில் ஐம்பதாண்டு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வணிக மரவெட்டு நின்றது. சாலைகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அகற்ற முடிவாயிற்று. ஆற்றில் விடவேண்டிய நீரின் அளவும் வரையறுக்கப்பட்டது. 2003இல் அணையில் மீன்வழி அமைந்தது. 102 ஆண்டுகளுக்குப் பின் சினூக், கோஹோ மீன்கள் மேலேறின.

சாக்கை மீனுக்கு மட்டும் வழி விடப்படவில்லை. பெருங்கூட்டமாய் வந்து, முட்டையிட்டு மடியும் இனம் அது. அவ்வுடல்கள் அழுகினால் குடிநீர் கெடும் என்பதே காரணம். மடிந்த மீன் காட்டுக்கு உரமாவதும் உண்மையே. ஓர் உயிரின் உரம் மற்றோர் உயிருக்கு மாசாகும் இவ்விடத்தில் நகரம் குடிநீரின் பக்கம் நின்றது. ஈடாக 2011இல் அணையருகே சாக்கைக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை நிறுவியது.

இம்மலையில் தொன்றுதொட்டு வேட்டையாடியும் கனி பறித்தும் வாழ்ந்த மக்கிள்ஷூட் பழங்குடியினரோடு 2006இல் உடன்படிக்கை ஏற்பட்டு, அவர்கள் உள்ளே செல்லும் உரிமை ஏற்கப்பட்டது. மீனுக்கு வழி திறந்து மூன்றாண்டு கழித்தே அம்மண்ணின் மக்களுக்கு இவ்வுடன்படிக்கை வாய்த்தது.

காட்டைச் சுற்றி வேலியிடுவதோடு காவல் முடிவதில்லை என்பதற்குச் சீடர் ஆறு சான்றாகும். எந்தச் சாலையை அழிப்பது, எந்த உயிரை அனுமதிப்பது, எந்த உரிமையை ஏற்பது எனும் வினாக்களை அக்கதவு ஒவ்வொரு தலைமுறையிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.