நாய் இனங்களும் அவை செய்த தொழிலும்

காஞ்சிபுரத்திலிருந்து வேகவதி ஆற்றைக் கடந்து சென்றால் திருப்பருத்திக்குன்றம் வரும். சமணர்கள் நிறைந்து வாழ்ந்ததால் ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர் இது. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் இசை மண்டபத்தை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகரப் படைத்தலைவர் இருகப்பர் கட்டுவித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவர் நேமிநாதர். தம் திருமண விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, மணக்கோலத்துடனேயே திரும்பித் துறவு பூண்டவர் என்று சமண நூல்கள் அவரைப் போற்றுகின்றன.

இவ்வூரின் பெயர் பல்லவர் காலத்திலேயே தெரிய வருகிறது. பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் சமண முனிவருக்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் நிலம் அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. அந்தச் சிம்மவர்மனின் பேரன் மகேந்திரவர்மன் காலத்தில்தான், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. தன் எருமைகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் காலடியில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பது வியப்புக்குரியதே. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கோவிவன் என்ன நிறம், எந்த இனம் என்பதைக் கல் சொல்லவில்லை. அது செய்த வேலையை மட்டுமே சொல்கிறது.

நாய் இனங்கள் உருவான வழியும் இதுவே. மனிதன் தனக்கு வேண்டிய வேலையைச் செவ்வனே செய்த நாயைத் தெரிந்தெடுத்து, அதன் குட்டிகளைப் பேணினான். உடலமைப்பும் குணமும் அந்த வேலையைத் தொடர்ந்து வந்தன.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாயைப் பாருங்கள். ஒடுங்கிய தலை, ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு, நீண்ட கால்கள். கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் கண்டு, விரட்டிப் பிடிப்பதற்கென்றே அமைந்த உடல் இது. கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி நாயும் ஏறக்குறைய இதே அமைப்புடையது. இதன் உடல் கறுப்பு. முகத்திலும் கால்களிலும் செம்பழுப்புக் காணும். தேனி மாவட்டத்துக் கோம்பை வேறு வகை. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்க வேண்டியிருந்ததால் திரண்ட உடலும் வலிய தாடையும் பெற்றது. செம்பழுப்பு நிறத்தில் முகம் மட்டும் கருத்திருக்கும். இராசபாளையம் நாய் உயரமானது. பால் போன்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது. அந்நியரை எளிதில் நெருங்க விடாதது.

பராமரிப்பும் இதற்கேற்ப மாறுகிறது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குத் தோல் மெல்லியது, ரோமம் குட்டை, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. எனவே தென்மாவட்ட வெயிலை நன்றாகத் தாங்கும். மலைப்பகுதிக் குளிரிலோ நடுங்கும். விலா எலும்பு தெரிகிறதே என்று பதறி உணவை அள்ளிப் போடுவோர் உண்டு. அது தேவையில்லை, அதன் அமைப்பே அப்படி. கூழும் மோருமாகவே கிராமத்தில் வளர்ந்த நாய்தான். ஆனால் தினந்தோறும் ஓட இடம் வேண்டும். மாடிக் குடியிருப்பில் சங்கிலியில் கட்டி வைத்தால் அது முரடாகும்; அல்லது சோர்ந்து போகும். நாயின் குற்றம் அன்று. அதன் கால்கள் அதற்காக அமைந்தவை அல்ல. இன்னொன்றும் உண்டு. கிரேஹவுண்டு போன்ற ஒல்லியான ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் உடலைவிட்டு நீங்க நெடுநேரமாகும் என்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்த செய்தி. அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லும்போது நாயின் வகையைச் சொல்வது நல்லது.

சரி, வேலையே போய்விட்டால் இனம் என்னவாகும்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் முயல் வேட்டையும் பன்றி வேட்டையும் குற்றமாயின. அது வேண்டிய சட்டமே. ஆனால் நம் வேட்டை நாய்கள் தொழிலிழந்தன. இதே நிலையை நமக்கு முன்பே சந்தித்த ஒரு நாட்டை இங்கே பார்க்கலாம்.

பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கே, சதுரங்கப்பட்டினத்தில், 17-ஆம் நூற்றாண்டில் துணி வாணிகம் செய்ய வந்த ஒல்லாந்தர்களின் கோட்டையும் கல்லறைகளும் இன்றும் உள்ளன. அவர்களுடைய நாடு நீரும் சதுப்பும் நிறைந்தது. அதனால் அங்கே தோன்றிய நாய்களும் வேறு வகையின. கோய்க்கர் என்னும் சிறிய நாய் வாத்து பிடிக்க உதவியது. ஓடிப் பிடிப்பதன்று அதன் வேலை. குளத்தோரம் நாணல் தட்டிகளுக்கிடையே தன் வெள்ளை வாலை ஆட்டிக்கொண்டு அது புகுந்து புகுந்து வெளிப்படும். அது என்னவென்று பார்க்கும் ஆவலில் வாத்துகள் பின்தொடர்ந்து வலை மூடிய கால்வாய்க்குள் போய்ச் சிக்கும். ஆர்ப்பாட்டமில்லாத, கூர்ந்து கவனிக்கும் குணம் அதற்கு வந்தது இப்படித்தான். அடர்ந்த இரட்டை ரோமமுடைய கேஸ்ஹாண்ட், படகுகளில் காவல் காத்தது. ஓயாமல் சீவிவிட வேண்டிய அந்த ரோமம் ஒல்லாந்துக் குளிருக்கு அரண். நம் கோடையில் அது சுமை. விலை கொடுத்து அத்தகைய நாயை வாங்கிச் சென்னையில் குளிர்சாதன அறையில் வைத்து வளர்ப்பதை என்னால் பாராட்ட முடியவில்லை.

கேஸ்ஹாண்டுக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. 1780-களில் அரச குடும்பத்தை எதிர்த்த தேசபக்தர் கட்சிக்கு அது சின்னமாயிற்று. 1787-இல் பிரஷ்யப் படையின் உதவியுடன் அக்கட்சி ஒடுக்கப்பட்டதும் அந்த நாயை வைத்திருப்பதே ஆபத்தாகி, இனம் அருகிப் போயிற்று. கோய்க்கரோ, இரண்டாம் உலகப் போரின்போது ஏறக்குறைய மறைந்தே விட்டது. ஹார்டன்புருக் சீமாட்டி என்பவர் ஊர் ஊராகத் தேடச் செய்து, மிஞ்சியிருந்த சில நாய்களைக் கொண்டு அதை மீட்டார். 1971-இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது.

ஆனால் சில நாய்களிலிருந்து ஓர் இனத்தை எழுப்பினால் அவற்றின் மறைந்திருக்கும் குறைகளும் பெருகும். கோய்க்கரில் இரத்தம் உறையாமைக் கோளாறும், தண்டுவடத்தைச் சிதைக்கும் பரம்பரை நோயும் தலைகாட்டின. வளர்ப்போர் சங்கம் ஒவ்வொரு நாயின் வம்சாவளியையும் எழுதி வைத்திருந்ததால், எந்தக் கொடிவழியில் நோய் வருகிறது என்று கண்டு, பரிசோதனை மூலம் நோய் தாங்கிய நாய்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்க முடிந்தது.

நம்முடைய இராசபாளையம் நாய்க்கு இதையொத்த ஒரு துன்பம் உண்டு. முழு வெள்ளைக் குட்டிக்கே மதிப்பு என்று வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்து வந்ததில், பிறவிச் செவிடு பல குட்டிகளில் தோன்றுகிறது. நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களே உட்செவியிலும் உள்ளன. ஒலியை உணரும் பகுதிக்கு வேண்டிய உப்புகளின் சமநிலையை அவை காக்கின்றன. வெண்மைக்குக் காரணமான மரபணு இந்த உயிரணுக்களை உட்செவிக்கும் வரவிடாமல் செய்தால், பிறந்த சில வாரங்களில் அப்பகுதி அழிந்து விடுகிறது. வெள்ளை நாய் எல்லாம் செவிடு அல்ல. ஆனால் வாய்ப்பு மிகுதி. காவல் நாய்க்குக் காது கேளாவிட்டால் கோவிவன் செய்த வேலையை அது எப்படிச் செய்யும்?

2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளுள் இராசபாளையமும் இடம் பெற்றது. பிறகு கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. கோம்பையின் பெயரும் கன்னியின் பெயரும் 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ஒலித்தன. உடனே குட்டிகளுக்குத் தேவை பெருகியது. ஆனால் நாட்டு நாய்களைக் காக்கவென்று சைதாப்பேட்டையில் இயங்கிய அரசின் நாய் வளர்ப்பு நிலையமோ, பராமரிப்புக் குறைகள் காரணமாக மூடப்பட வேண்டும் என்று 2016-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்றது.

இராசபாளையம் குட்டி வாங்க விரும்புவோர் ஐந்து அல்லது ஆறு வாரம் ஆனபின் சென்று, குட்டி உறங்கும்போது அதன் பின்புறமாக நின்று சாவிக்கொத்தை ஒலித்துப் பார்க்கலாம். தரையைத் தட்டக்கூடாது, அதிர்வைக் காலால் உணர்ந்து விடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும் என்பதால், மூளையின் மின்னலைகளைக் கொண்டு செவியைச் சோதிக்கும் கருவியே உறுதியானது. தாயும் தந்தையும் கேட்கும் நாய்கள்தாமா, அதே ஈற்றில் செவிட்டுக் குட்டி உண்டா என்று விற்பவரிடம் கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒல்லாந்தில் பதிவேடு தொடங்கியதும் அப்படித்தான்.