ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திடுங்களேன்!

1/ போன மாசம் ரவுண்ட்ஸ்ல ஒரு மயிலாப்பூர் அம்மா. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள், ஹீமோகுளோபின் 8.9. பையன் கேட்டார்: "சார், சோர்வா இருக்காங்க, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திடுங்களேன்." நான் ஏத்தல. ஏன்னு புரியணும்னா கொஞ்சம் வரலாறு பார்க்கணும். வாங்க.

2/ ரத்தம் டானிக் இல்லீங்க. குரூப் பொருந்தினாலும் அது இன்னொருத்தர் உடம்போட செல்கள். நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுக்காம விடாது. இது தெரிய வந்தது மூட்டு ஆபரேஷன்ல இல்லை, கிட்னி மாற்றுல.

3/ நம்ம வேலூர் சிஎம்சியில 1971ல சிறுநீரக மாற்று சிகிச்சை ஆரம்பிச்ச காலம். அப்போ உலகம் முழுக்க ஒரு பயம் இருந்தது: முன்கூட்டியே ரத்தம் ஏத்தினா எதிர்ப்பு உருவாகி, புது கிட்னியை உடம்பு நிராகரிச்சிடும்.

4/ 1973ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஓபெல்ஸ், தெராசாகி குழு கணக்குப் பார்த்தாங்க. விடை தலைகீழ்! ரத்தம் ஏத்தினவங்களுக்குத்தான் கிட்னி அதிகம் நிலைச்சது. ரத்தம் உடம்போட காவலைத் தளர்த்துது. சில வருஷம் வேணும்னே ரத்தம் ஏத்தினாங்க. சைக்ளோஸ்போரின் மருந்து வந்ததும் அது குறைஞ்சது.

5/ அடுத்த கேள்வி: காவல் தளர்ந்தா கிருமிக்கும் கதவு திறக்குமே? செயற்கை மூட்டுல ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி ஒட்டிப் படலம் கட்டினா ஆன்டிபயாடிக் லேசில் எட்டாது. சிலருக்கு மூட்டையே கழற்ற வேண்டி வரும்.

6/ ரத்தம் ஏத்தினவங்களுக்கு மூட்டுத் தொற்று அதிகம்னு பல ஆய்வுகள் சொல்லுது. ஆனா அவங்க பெரும்பாலும் வயசானவங்க, ஏற்கனவே ரத்தசோகை உள்ளவங்க. அதனால ரத்தத்தோட பங்கு எவ்வளவுன்னு விவாதம் இன்னும் முடியல.

7/ சரி, குறைவா ஏத்தினா ஆபத்தா? 2011ல ஒரு பெரிய ஆய்வு: இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன 2016 பேர், எல்லாருக்கும் இதய நோய் அல்லது அதுக்கான ரிஸ்க். பாதிப் பேருக்கு 10க்கு கீழ போனாலே ரத்தம்; மீதிப் பேருக்கு 8க்கு கீழ போனா, இல்ல அறிகுறி இருந்தா மட்டும். 60 நாள் கழிச்சு உயிரிழப்பிலும் நடக்கிறதிலும் வித்தியாசம் இல்லை.

8/ அதனால ஆபரேஷன் தேதி வாங்கின அன்னைக்கே ஹீமோகுளோபின் பாருங்க. இரும்புச்சத்துக் குறை இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் அமிலம் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

9/ அதுக்காக ரத்தமே வேண்டாம்னு அடம்பிடிக்காதீங்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அதிக ரத்தப்போக்குன்னா அதுதான் உயிர் காக்கும். அப்படிப்பட்டவங்களுக்காக ரத்த தானமும் பண்ணுங்க.

10/ அந்த அம்மா? மூணாம் நாள் வாக்கர் பிடிச்சு வார்டைச் சுத்தி வந்தாங்க. பையன்கிட்ட மிச்சமிருந்த கேள்வி: "சார், மாடிப்படி எப்போ ஏறலாம்?"